குடியெண்ணிக்கையும் குடும்பமும்: சித்தூர்ச் சீமையின் ஒன்றரை நூற்றாண்டு

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட நிலத்தில் 'சமுத்திரம்' என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உண்டு. பாலசமுத்திரம் அவற்றுள் ஒன்று. கடலைக் காணாத இந்த வறண்ட மேட்டு நிலத்துக்குச் சமுத்திரம் எப்படி வந்தது என்று வெளியூரார் வியக்கலாம். பேரேரியைச் சமுத்திரம் என்று அழைத்த பழைய வழக்கமே அதற்குக் காரணம். ஏரி நிறைந்தால் ஊர் தழைக்கும். வறண்டால் ஊர் கலையும். இந்தச் சீமையில் குடும்பம் அமைந்த விதத்தையும், குழந்தைகள் பிறந்த கணக்கையும், மக்கள் பெருகியும் குறைந்தும் வந்த வரலாற்றையும் எழுதப் புகுவோர் ஏரியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது நம் எண்ணம்.

இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கும் இவ்வூர்கள் ஒரு காலத்தில் சென்னை ராஜதானியின் வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தன. அந்த ஜில்லாவின் தலைமை இடம் வேலூர் அன்று, சித்தூரே. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் வட ஆர்க்காட்டின் வடபகுதிகளோடு கடப்பை ஜில்லாவின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலூகாக்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா என ஒன்றை அமைத்தார்கள். ஆகவே பழைய கணக்கேடுகளில் சித்தூரைத் தேடுவோர் வட ஆர்க்காடு என்ற தலைப்பின் கீழ்ப் பார்க்கவேண்டும்.

சென்னை ராஜதானி முழுவதையும் ஒழுங்காக எண்ணிய முதல் பெருங்கணக்கு 1871ஆம் ஆண்டினது. அதன் அறிக்கையை எழுதியவர் ராஜதானியின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ். குடிகளை எண்ணும் பணியை ஒரு மருத்துவரிடம் ஒப்படைத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது என்பது ஐந்தாண்டுகளுக்குள் விளங்கிவிட்டது. 1876இல் மழை பொய்த்தது. அதனைத் தொடர்ந்த தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையை நம் பாட்டன்மார் வீட்டுக் கதைகள் இன்னும் மறக்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் விதித்தபோது, அந்த அளவு உழைக்கும் உடலுக்குப் போதாது என்று கணக்குக் காட்டி எதிர்த்து எழுதியவர் இதே கார்னிஷ்தான். தலைகளை எண்ணியவருக்குத் தலைகள் குறைவது முன்னரே கண்ணில் பட்டது போலும்.

1871இல் 20 லட்சத்தை எட்டியிருந்த வட ஆர்க்காட்டின் மக்கட்தொகை 1881இல் ஏறத்தாழ 18 லட்சமாக இறங்கியது. பத்தாண்டில் வளர்ந்திருக்கவேண்டிய தொகையையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பின் அளவு இதனினும் பெரிது. ஆனால் பஞ்சம் கொல்வது இருப்பவரை மட்டுமன்று. தென்னாசியப் பஞ்சங்களின் மக்கட்கணக்கை ஆராய்ந்து 1991இல் எழுதிய டிம் டைசன் என்னும் அறிஞர் ஓர் ஒழுங்கை எடுத்துக் காட்டினார். சாவுகள் உச்சத்தை எட்டும் முன்பே கருத்தரிப்பு குறையத் தொடங்குகிறது. தானிய விலை ஏறும்போதே அது தெரிகிறது. சாவின் உச்சமோ பெரும்பாலும் மழை திரும்பிய பிறகு வருகிறது. இளைத்த உடலின்மேல் முறைக்காய்ச்சல் பாய்வதால் அப்படி நேர்கிறது. பஞ்சம் தீர்ந்தபின் பிறப்புகள் விரைந்து எழுகின்றன. 1881க்கும் 1891க்கும் இடையே சென்னை ராஜதானியின் மக்கட்தொகை நூற்றுக்கு 15 வீதம் பெருகியதைக் கண்டு, இந்நாட்டார் கட்டுப்பாடின்றிப் பெருகுபவர் என்று முடிவு கட்டியோர் உண்டு. வெட்டிய மரம் துளிர்ப்பதைக் கண்டு காடு பெருகுகிறது என்று சொல்வதைப் போன்றது அது. 1911க்கும் 1921க்கும் இடையில் விஷக்காய்ச்சல் பரவியபோது இந்திய நாட்டின் தொகையே சற்றுக் குறைந்தது. 1921க்குப் பிறகுதான் இடையறாத பெருக்கம் தொடங்கிற்று.

பத்தாண்டுக்கு ஒருமுறை தலையெண்ணினால் இருப்பவர் தொகை தெரியும். ஆண்டுதோறும் எத்தனைபேர் பிறந்தனர், எத்தனைபேர் இறந்தனர் என்பது தெரியாது. அதற்குப் பதிவேடு வேண்டும். சென்னை ராஜதானியில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமத்தில் பதிவுக்குப் பொறுப்பு கிராம முன்சீப்பிடம் இருந்தது. வரி வசூல், வாய்க்கால் தகராறு, போலீஸ் விசாரணை என்று அவருக்கு ஆயிரம் வேலை. பிறந்து மூன்றாம் நாள் மாண்ட குழந்தையைப் பிறப்பிலும் எழுதாமல் இறப்பிலும் எழுதாமல் விட்டுவிடுவது எளிது. இறந்தது பெண்குழந்தை எனின் இன்னும் எளிது.

இங்கே நம் வழக்கம் ஒன்று கணக்கரைக் குழப்பியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவான மரபு. பிறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். சித்தூர்ப் பக்கத்து மருமகள் வேலூரில் தாய்வீட்டுக்குச் சென்று பெற்றால் அக்குழந்தை வேலூர்ப் பதிவேட்டில் ஏறும், வளர்வதோ சித்தூரில். பின்னொரு நாள் குடிமதிப்பு எடுக்க வந்தவர் 'பிறந்த இடம் எது' என்று கேட்டால் ஊர்விட்டு ஊர் குடிபெயர்ந்தவன் என்று அப்பிள்ளை கணக்கில் விழும். தொட்டிலில் கிடந்தபடி எல்லை கடந்த குடிபெயர்ந்தோர் இப்படி எத்தனை பேரோ! 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து பிறந்த இடத்தோடு 'கடைசியாக வாழ்ந்த இடம்' என்ற கேள்வியையும் சேர்த்த பிறகே இக்குழப்பம் ஓரளவு தெளிந்தது. பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் குடியிருந்துகொண்டு பேறுகாலத்துக்கு மகளை ஊருக்கு அனுப்பும் நம்மவர் வீடுகளில் இது புரியாத செய்தி அன்று.

பதிவேட்டில் விடுபட்டவற்றை எப்படி அறிவது? இல்லாததை எண்ணுவது எங்ஙனம்? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் கல்கத்தாவில் பணியாற்றிய சி. சந்திரசேகரன். அவரும் அமெரிக்க அறிஞர் டெமிங்கும் 1949இல் வெளியிட்ட முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. வங்காளத்துச் சிங்கூர் சுகாதார நிலையப் பகுதியின் கணக்குகளைக்கொண்டு அவர்கள் அதனைச் செய்து காட்டினர். முறை எளியது. ஓர் ஊரில் பதிவாளர் ஒரு பட்டியல் எழுதுகிறார். அவரை அறியாத வேறொருவர் வீடு வீடாகச் சென்று தனியே இன்னொரு பட்டியல் எழுதுகிறார். பதிவாளர் ஏட்டில் 80 பிறப்புகள், வீடு சென்றவர் ஏட்டில் 90, இரண்டிலும் பொதுவாக 72 என்று வைத்துக்கொள்வோம். வீடு சென்றவர் கண்ட 90இல் 72ஐப் பதிவாளரும் கண்டார். அதாவது பத்துக்கு எட்டு வீதம் அவர் பிடிக்கிறார். அவர் பிடித்தவை 80 என்றால் ஊரின் மொத்தப் பிறப்பு 100. இரு ஏட்டையும் சேர்த்தால் கிடைப்பது 98 மட்டுமே. இருவர் கண்ணுக்கும் தப்பிய அந்த இரண்டையும் இம்முறை பிடித்துவிடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் கேட்டு எழுதக்கூடாது என்பதே இதன் உயிர்நிலை. ஒரே திண்ணையில் அமர்ந்து இருவரும் பட்டியலை ஒத்துப்பார்த்துக்கொண்டால் கணிதம் தோற்றுவிடும். இரு வழியிலும் எழுதி ஒப்பிடும் இந்தக் கருத்தின் மேல்தான் 1960களில் தொடங்கிய மாதிரிப் பதிவுத் திட்டம் எழுந்தது. குழந்தை எங்குப் பிறந்தாலும் தாய் வழக்கமாக வாழும் ஊரின் கணக்கில் சேர்ப்பது அத்திட்டத்தின் விதி. தாய்வீட்டுத் தலைப்பிரசவம் இனிக் கணக்கைக் கெடுக்காது.

சித்தூரார்க்கு எண்ணிக்கை என்பது வெறும் அறிவுத்துறைப் பொருளாக இருந்ததில்லை. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. திருத்தணிக்கும் திருப்பதிக்குமாக மங்கலங்கிழாரும் ம.பொ. சிவஞானமும் நடத்திய கிளர்ச்சிகளை மூத்த தலைமுறை அறியும். வழக்கு மத்தியஸ்தர் பட்டாஸ்கரிடம் சென்றது. கிராமத்தை அலகாகக் கொள்வது, தொடர்ச்சியான நிலமாக இருப்பது, 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி எம்மொழியினர் பெரும்பான்மை என்று பார்ப்பது ஆகிய நெறிகள் அத்தீர்ப்புக்கு அடிப்படையாயின. அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணித் தாலூகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1951 பிப்ரவரியில் ஒரு கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு ஒரு குடும்பத்தலைவர் சொன்ன ஒரு சொல், ஒன்பது ஆண்டு கழித்து அவ்வூரின் மாநிலத்தையே தீர்மானித்தது. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசிய குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். ஐந்து பிள்ளை உள்ள வீட்டின் விடைக்கு ஏழு தலைகளின் எடை. பிள்ளையற்ற வீட்டின் விடைக்கு இரண்டு தலை. பிள்ளைப்பேறும் எல்லைக்கோடும் ஒரே ஏட்டில் சந்தித்த இடம் இது.

அக்கோட்டின் இரு புறத்தும் குடும்பம் அமையும் முறை மட்டும் மாறவில்லை. அத்தைமகள், மாமன்மகள், அக்காள்மகள் என உறவில் கொள்ளும் வழக்கம் இருமொழியார்க்கும் உரியது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுந்தர் ராவும் இன்பராஜும் 1970களில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தனர். கிராமங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. நகரத்தில் அவ்விகிதம் குறைவு. உறவில் மணந்தவர்க்குப் பிள்ளைப்பேறு குன்றுமோ என்று அவர்கள் தேடியபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தலைமுறை தலைமுறையாக இவ்வழக்கம் இருந்துவந்ததே அதற்குக் காரணமாகலாம் என்று கருதினர். மருத்துவ நோக்கில் இதனைப் பற்றிய விவாதம் முடிந்துவிடவில்லை. குழந்தைகளின் பிறவி நோய் குறித்த எச்சரிக்கைகளை நாம் மறுக்கவும் இல்லை.

இவ்வழக்கத்தின் வேறொரு பயனை 1983இல் டைசனும் மிக் மூரும் எழுதிய கட்டுரை சுட்டியது. வடபுலத்தில் மகளை அறியாத ஊருக்கு, அறியாத குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். அவள் அங்கே அயலாள். மகனைப் பெற்ற பிறகே அவளுக்கு மதிப்பு. தென்புலத்தில் மாமியார் அத்தையாகவே இருப்பாள். தாய்வீடு பக்கத்து ஊரில் இருக்கும். ஆகவே பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் கொஞ்சம் இடம் உண்டு. தென்னகத்தில் பிறப்பு வீதம் முன்னரே குறையத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். வாதம் அழகியது, முழுவதும் ஒப்புக்கொள்ள நம் மனம் சற்றுத் தயங்குகிறது. அத்தைவீட்டு மருமகள்கள் அனைவரும் சொல் செல்லும் மருமகள்களாக இருந்தார்கள் என்று நம் ஊர்களை அறிந்தவர் யாரும் சொல்லமாட்டார்.

அரசு குடும்பத்தின் அளவில் தலையிட்ட கதைக்கு வருவோம். 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் ஆணையராக இருந்தவர் ஆர்.ஏ. கோபாலசாமி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்று, அவற்றுள் ஒன்றேனும் உயிரோடிருக்க, மேலும் பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்று தம் அறிக்கையில் அவர் பெயரிட்டார். தாய்மையின்மேல் ஏற்றிய அப்பழியில் தந்தைக்குப் பங்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்டதாகத் தோன்றவில்லை. பின்னர் அவர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். 1950களின் பிற்பாதியில், கருத்தடை அறுவைக்கு இசைந்த ஏழைகளுக்குச் சென்னை அரசு சிறு தொகை ஒன்றை ஊக்கமாக வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் அந்த அறுவையை ஏற்றவர்களில் ஆடவரே மிகுதி. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றில் வலுக்கட்டாயம் கலந்திருந்ததால் எழுந்த வெறுப்பில் ஆடவர் அறுவை அறவே வீழ்ந்தது. சுமை பெண்ணின்மேல் இறங்கிற்று. இன்றளவும் இறங்கியபடியே இருக்கிறது.

இனி ஆந்திரத்தின் விந்தை. பெண்கள் படித்து, வயது முதிர்ந்து மணந்து, அதன் பின் குழந்தைகளைக் குறைத்துக்கொள்வார்கள் என்று மேலைநாட்டு நூல்கள் சொல்லும். கேரளமும் தமிழ்நாடும் ஓரளவு அவ்வழியே சென்றன. ஆந்திரம் செல்லவில்லை. தேசிய குடும்பநல ஆய்வின் முதல் சுற்றில், 1992-93இல், ஆந்திரத்தில் ஒரு தாய்க்குச் சராசரியாக 2.6 குழந்தை, தமிழ்நாட்டில் 2.5. ஐந்தாம் சுற்றில், 2019-21இல், ஆந்திரம் 1.7, தமிழ்நாடு 1.8. இந்தியாவின் சராசரி அதே காலத்தில் 3.4இலிருந்து 2.0க்கு இறங்கியது. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்யத் தேவையான 2.1க்கும் கீழே இரு மாநிலங்களும் சென்றுவிட்டன. ஆனால் 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் 18 வயதாகுமுன் மணந்தவர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13 பேர். ஆந்திரத்தில் நூற்றுக்கு 29 பேர். பள்ளிவயதில் மணந்து, இருபதில் இரு குழந்தை பெற்று, இருபத்தைந்தை எட்டுமுன் அறுவை செய்துகொண்டு பேறுகாலத்தை முடித்துக்கொள்வது அங்கே பெரும்பான்மை வழக்கமாகிவிட்டது. மணமான பெண்களில் நூற்றுக்கு 70 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். அவர்தம் கணவரில் அறுவை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இதில் மக்கட்கணக்கரின் நுட்பமும் ஒன்றுண்டு. 25 வயதில் தாயாகும் வழியில் 75 ஆண்டுக்கு 3 தலைமுறை. 19 வயதில் தாயாகும் வழியில் அதே காலத்தில் ஏறத்தாழ 4 தலைமுறை. பெறும் குழந்தைகள் சமமாயினும் தலைமுறைகள் நெருங்கி வருவதால் ஒரே காலத்தில் வாழ்வோர் தொகை கூடுகிறது. சித்தூர் மாவட்டம் 2001இல் 37.46 லட்சமாக இருந்து 2011இல் 41.74 லட்சமானது, வளர்ச்சி நூற்றுக்கு 11.4. பிறப்பு குறைந்தும் தொகை ஏறியதற்கு, முன்னர் பிறந்த பெருந்தலைமுறை இப்போது பேறுவயதில் இருந்தது ஒரு காரணம். 2022 ஏப்ரல் 4 முதல் அப்பழைய மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆதலால் இனிவரும் கணக்கைப் பழையதோடு ஒப்பிடுவோர் மீண்டும் ஏடுகளைக் கூட்டிக் கழிக்கவேண்டும்.

1994ஆம் ஆண்டின் ஆந்திரப் பஞ்சாயத்துச் சட்டம், இரண்டுக்கு மேற்பட்ட குழந்தை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாகாது என்றது. 1997இல் மாநிலம் தனக்கெனக் குடிப்பெருக்கக் கொள்கை ஒன்றையும் வகுத்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் சந்திரகிரிப் பக்கத்து நாராவாரிபள்ளியில் பிறந்த சந்திரபாபு நாயுடு. அவரே 2024 அக்டோபரில், இனி மிகுதியாகப் பெறுங்கள், இளைஞர் குறைந்து முதியோர் பெருகுகின்றனர் என்று பேசினார். நவம்பரில் சட்டமன்றம் அந்த இரு குழந்தை விதியை நீக்கிற்று. அதே அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு திருமண விழாவில் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், 'பதினாறும் பெற்று' என்று பெரியோர் வாழ்த்தியது பதினாறு செல்வங்களையே குறித்தது, ஆனால் இன்றைய நிலையில் பதினாறு பிள்ளை என்றே எண்ணத் தோன்றுகிறது என்ற பொருளில் வேடிக்கையாகச் சொன்னார்.

வேடிக்கைக்குப் பின்னால் கவலை இருந்தது. மாநிலங்களுக்கு உரிய மக்களவை இடங்களின் எண்ணிக்கையை 1971ஆம் ஆண்டுக் கணக்கோடு நிறுத்தி வைத்தது 1976இல் வந்த அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம். குடும்பத்தைச் சுருக்கிய மாநிலம் தண்டனை பெறக்கூடாது என்பதே அதன் நோக்கம். 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் அதனை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கு வரை நீட்டியது. 2021இல் எடுத்திருக்கவேண்டிய குடிமதிப்பு தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் 1ஐக் கணக்குநாளாகக் கொண்டு எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. இருபத்தைந்து வயதில் அறுவை மேசையில் படுத்த சித்தூர்ப் பெண்கள் மாநிலத்தின் இடங்களை எண்ணியா படுத்தார்கள்? அவர்கள் செய்த கணக்கு வேறு: நிலம் சிறுத்தது, பள்ளிக் கட்டணம் ஏறியது, பிறந்த குழந்தை பிழைக்கத் தொடங்கியது. ஆந்திரத்தில் பிறந்து ஓராண்டு நிறையுமுன் இறந்த குழந்தைகள் 1992-93 ஆய்வில் ஆயிரத்துக்கு 70, 2019-21இல் 30. இரண்டு பெற்றால் இரண்டும் நிலைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகே தாய்மார் நிறுத்தினார்கள் என்பது நம் கருத்து. அரசின் ஊக்கத்தொகையைவிட அந்நம்பிக்கைக்கே நாம் மிகுந்த பங்கு கொடுப்போம்.

நம் நாட்டுக் குடிமதிப்பு ஒருவரை அவர் வாழும் இடத்தில்தான் எண்ணும். பெங்களூரில் இருக்கும் நம்மவர் கருநாடகத்தின் தொகையில் அடங்குவர். திருப்பதியில் இருப்பவர் ஆந்திரத்தின் தொகையில். ஊர்க் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதால் ஊர்க்கணக்கில் இடம் கிடைக்காது. ஆனால் தாய்மொழிப் பட்டியல் வேறு. குழந்தைப் பருவத்தில் தாய் தன்னிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் விதி. பள்ளியில் படித்ததோ கடையில் பேசுவதோ அங்கே செல்லாது. பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் தெலுங்குப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளை தன் மொழியைத் தெலுங்கு என்று சொல்லிவிடுவதும், தமிழ் எழுதப் படிக்கத் தெரியாததால் தமிழ் என்று சொல்லக் கூசுவதும் நடக்கக்கூடியவையே. எழுதத் தெரியுமா என்று அக்கேள்வி கேட்கவில்லை. தாய் எதில் பேசினாள் என்றுதான் கேட்கிறது.